குக்கரில் வெந்த மணல்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்தி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குத் திடீரென்று கடிதம் எழுதும் ஆசை என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது, இரண்டு மாதமாக அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. எழுதும்போது கை மெதுவாகப் போகிறது, அதற்குள் உண்மை எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. வேலை நேரத்தில் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடுவாய். பட்டு உயிரோடு இருக்கிறாள். ஆனால் நம் வீட்டில் இல்லை. ஐந்து வாரமாக வளர்ப்பு மீன் கடைக்காரம்மாவின் பெரிய தொட்டியில் இருக்கிறாள். பிழைப்பாளா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் இந்த நிலைமைக்கு வந்ததற்குக் கரண்ட் காரணமில்லை, மோட்டார் காரணமில்லை, நான்தான் காரணம். நீ அங்கே வேலைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற மீனெல்லாம் எப்படியும் பிழைச்சுக்கும்மா, பட்டுவை மட்டும் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த ஒரே ஒரு காரியத்தைத்தான் உருப்படியாகக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன ஐந்தாவது மாதம் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் மோட்டார் நின்றதும், கீழ்த் தொட்டி மணல் கறுத்துப்போனதும் உனக்குத் தெரியும். நீ ரெஃப்யூஜியம் என்பாய், என் வாய்க்கு அது வராது, அலமாரிக்குள் கீழே இருப்பதால் நான் கீழ்த் தொட்டி என்றே சொல்லிக்கொள்கிறேன். மீன் நுழையக் கூடாத தொட்டி அது, மணலும் பச்சைப் பாசியும் ஒரு விளக்கும் மட்டும்தான், அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடிசுகள் பிறந்து பெருகி, மோட்டார் ஏற்றும் உப்புத் தண்ணீரோடு மேலே போய்ப் பட்டுவுக்குச் சாப்பாடாக வேண்டும். நீ சொல்லிக்கொடுத்ததை உனக்கே திருப்பிச் சொல்வது பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது. மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வந்ததும் உனக்குப் போன் செய்தேன். அம்மா, ஒரேயடியா எடுத்துடாதே, கால்வாசி எடு, ரெண்டு வாரம் சும்மா விடு, அப்புறம் அடுத்த கால்வாசி, எடுத்த இடத்துல புது மணலை அப்படியே போடு, கழுவாதே என்று நீ சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. புது மணல் பாக்கெட்டையும் கடையிலிருந்து வீட்டுக்கே வரவழைத்துக் கொடுத்தாய். நான் சரி சரி என்று தலையை ஆட்டினேன்.

உன் அம்மாவைத் தெரியாதா உனக்கு. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிக்கவைக்கும் அறையில் நின்றவள் நான். அங்கே ஒரு தட்டு சுத்தம், இல்லாவிட்டால் சுத்தமில்லை. கால்வாசி சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், மீதியை இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று எந்த டாக்டரிடமாவது சொல்ல முடியுமா? நாறுகிற மணலில் முக்காலை உள்ளே விட்டுவிட்டு அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு என்னால் தூங்க முடியும் என்று நீ எப்படி நினைத்தாய்? மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பியதும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன், மதியத்துக்குள் மொத்த மணலையும் வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டிவிட்டேன். கண்ணாடியை உள்ளே வெளியே பளபளவென்று தேய்த்தேன். அந்தப் பச்சைப் பாசி பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி சுருண்டு கிடந்ததா, அதையும் விட்டுவைக்கவில்லை, குழாயடியில் பிடித்து நன்றாக அலசிப் பிழிந்தேன். அப்புறம் புதுப் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே கலங்கல் தண்ணீரும் ஒரு வாடையும். மேலே உயிருள்ள மணல் என்று வேறு எழுதியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் எதன் மேலாவது உயிருள்ள என்று எழுதியிருந்தால் கையுறை மாட்டிக்கொண்டுதான் கிட்டவே போவோம். நீ கழுவாதே என்று சொன்னாய், கொதிக்கவைக்காதே என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே ஒரு நியாயம் வேறு கண்டுபிடித்தேன். பெரிய குக்கரில் நாலு தடவையாகப் போட்டு, தடவைக்கு இருபது நிமிஷம், ஆஸ்பத்திரி அறையில் செய்த அதே கணக்கு, வேகவைத்து ஆறவைத்துத் தொட்டியில் பரப்பினேன். சாயங்காலம் அப்பா வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு இன்னைக்கு என்ன சமையல் என்று கேட்டார். மணல் என்றேன். அவர் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார்.

கீழ்த் தொட்டி அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா, துலக்கி வைத்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி. நான் அலமாரியைத் திறந்து திறந்து பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்த வெள்ளிக்கிழமை நீ கால்வாசி எடுத்தாச்சா என்று கேட்டாய், எடுத்தாச்சு என்றேன், அதுவரைக்கும் அது பாதிப் பொய்தான். மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பொய் ஆகிவிட்டது. மற்ற மீன்கள் எப்போதும் போலத் தீனியைப் பார்த்ததும் முண்டியடித்துக்கொண்டு மேலே வந்தன. பட்டுதான் உனக்குத் தெரியுமே, தூவுகிற எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாள், பாறை பாறையாக நகர்ந்து நகர்ந்து அந்தப் பொடிசுகளைத்தான் கொத்திக்கொண்டிருப்பாள். நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருந்தாள், நானும் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றே நினைத்தேன். கொத்துவது வெறும் கல்லை என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பக்கவாட்டில் பார்த்தபோது வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. அந்த நீலமும் ஆரஞ்சும் அப்படியேதான் இருந்தன, அதற்கடியில் உடம்பைத்தான் காணோம். அப்பா லிஃப்ட் ரிப்பேருக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழ்த் தொட்டி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார், வலிக்கிற முழங்காலோடு. முன்பெல்லாம் விளக்கு போட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் சரசரவென்று ஓடுமே, ஒன்றுகூட இல்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான், இது மணல் இல்ல, நீ வேலை பாத்த ஆபரேஷன் தியேட்டர், இதுல எதுவும் பொறக்காது.

நான் சும்மா விடுவேனா, சண்டை போட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் என் தட்டிலிருந்து ஒரு நோயாளிக்காவது சீழ் வைத்தது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன். பழைய சங்கதியெல்லாம் இழுத்தேன், அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது அங்கே டம்ளர் இருந்த லட்சணம் வரைக்கும். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கடைசியில் அவர் வெளியே போனதும் தனியாக அலமாரியைத் திறந்து உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு சுத்தமான தொட்டியைப் பார்த்து எனக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.

மறுநாள் இரண்டு பஸ் மாறி அந்தக் கடைக்குப் போனேன். நீ அடிக்கடி சொல்வாயே, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த அம்மாதான், கடை முழுக்கத் தண்ணீர்ச் சத்தம், ஒரு நாற்காலி, அதில் ஒரு பூனை, பூனை எழுந்தால்தான் நமக்கு உட்கார இடம். யாரோ மணலைக் கழுவிட்டாங்க, கீழ்த் தொட்டிக்கு வேற என்ன போடலாம் என்று பட்டும் படாமலும் ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி என் கைகளைப் பார்த்தார். சோப்பிலும் மருந்திலும் வெந்து வெடித்த கை இல்லையா, மறைக்க இடமில்லை. யாரோவா அக்கா, சும்மா சொல்லுங்க என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குக்கர் வந்த இடத்தில் அவர் ஒரு நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார், சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அப்புறம் பூனையை இறக்கிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

மேஜை மேல் நாலு கிண்ணம் வைத்தார். ஒன்றில் மாவு மாதிரி வெள்ளை மணல், ஒன்றில் கறுப்புச் சேறு, ஒன்றில் நகக்கண் அளவுக்குப் பவளச் சில்லு, நாலாவது கிண்ணம் காலி. நான் யோசிக்கவே இல்லை, காலிக் கிண்ணத்தைக் காட்டினேன். ஒன்றும் போடாமல் வெறும் கண்ணாடியாக விட்டால் வாரம் ஒரு முறை துடைத்துவிடலாமே. வெறும் கண்ணாடியும் சிலர் வெக்கிறாங்க, தப்பு இல்ல, பாசி அதுலயும் வளரும், ஆனா பொடிசுங்க ஒளிய இடம் வேணுமே அக்கா என்றார். மாவு மணலை நாலைந்து விரல் ஆழத்துக்குப் போட்டால் அடியில் இருக்கும் கிருமிகள் தண்ணீரின் கழிவை முறித்துக் கொடுக்குமாம், நல்லதுதான், ஆனால் மோட்டார் நின்றுபோனாலோ யாராவது கிளறினாலோ நம் தொட்டியில் வந்த அந்தக் கறுப்பும் நாற்றமும்தான். சேறு பாசிக்கு நல்ல ஊட்டம், ஆனால் அவ்வப்போது கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும், கை பட்டால் தொட்டி முழுக்கத் தண்ணீர் கலங்கும். பவளச் சில்லில் சந்தும் பொந்தும் நிறைய, பொடிசுகள் குடும்பம் நடத்த அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனா ஒரு குறை இருக்கு, உங்ககிட்ட மறைக்கக் கூடாது, சந்துல எல்லாம் அழுக்கு தங்கும், கிளறி எடுக்கவும் கூடாது, அதைத் தின்னுதான் அதுங்க வாழும் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். அக்கா, எது நல்லதுன்னு கேட்டா நாலும் நல்லதுதான், உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, தொட்டி சுத்தமா இருக்கணுமா, மீன் சாப்பிடணுமா என்று கேட்டார். மீன் சாப்பிடணும் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

பவளச் சில்லு இரண்டு விரல் உயரத்துக்குப் போதும் என்று எடுத்துக் கொடுத்தார். அப்புறம் தன் பெரிய தொட்டியின் அடியிலிருந்து ஒரு டம்ளர் பழுப்பு மணலையும் ஒரு பிடி பாசியையும் எடுத்து டப்பாவில் போட்டு, பதினோரு வருஷமா இதை நான் முழுசா மாத்தினதே இல்ல, இதுதான் உங்களுக்கு உறை என்றார். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, உயிரையும் ஒரு டம்ளர் ஊற்றித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். மீனையும் இங்கேயே கொண்டுவந்து விடுங்க, பொடிசுங்க பெருக ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் அது பட்டினி கிடக்க முடியாது என்றும் சொன்னார். நான் முடியவே முடியாது என்று வந்துவிட்டேன். என் மகள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது, கடையில் கொண்டுபோய் விடுவேனா என்ற வீறாப்பு. அதுமட்டுமில்லை, தொட்டியில் அவள் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை உனக்கு என்ன காட்டுவேன்? பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து திறந்து காற்று விட்டுக்கொண்டு வந்தேன். ஊர் அழுக்கையெல்லாம் கொதிக்கவைத்தவள் ஒரு டம்ளர் அழுக்கு செத்துவிடக் கூடாதே என்று தவித்துக்கொண்டு வந்ததைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வெந்த மணலை எடுத்துவிட்டுச் சில்லையும் உறையையும் கீழ்த் தொட்டியில் போட்டேன். நாலு நாள் நானே பட்டுவுக்கு ஊட்டிப் பார்த்தேன். முட்டையிலிருந்து இறால் குஞ்சு பொரிக்கும் பொடி ஒன்றை அந்த அம்மா கொடுத்திருந்தார், பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காற்று விட்டால் இரண்டாம் நாள் குஞ்சுகள் நீந்தின, அதைச் சின்னக் குழாயில் உறிஞ்சி அவள் வாய்க்கு எதிரில் விட்டேன். ஒன்றிரண்டைக் கொத்தினாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உனக்குக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் ஸ்பூனைப் பார்த்து முகத்தைத் திருப்புவாய். ஐந்தாவது நாள் காலை அவள் பாறையிலிருந்து நகரவே இல்லை. அப்பா வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார், இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ஒரு கண்ணாடிச் சீசாவை வைத்து அவளைப் பிடித்தோம். பிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஓடத் தெம்பில்லை அவளுக்கு, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வாளியில் மூடி போட்டு டாக்ஸியில் கொண்டுபோனோம். கடைக்காரம்மா பார்த்துவிட்டு, இவ்வளவு இளைச்சது சில சமயம் திரும்பும், பல சமயம் திரும்பாது, சத்தியம் பண்ண மாட்டேன் அக்கா என்றார். அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமையெல்லாம் நீ பட்டு எங்கேம்மா என்று கேட்பாய், பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள் என்பேன், நீயும் கள்ளி என்று சிரிப்பாய். போனை வைத்ததும் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அப்பா, சொல்லிடு, சொல்லிடு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

இந்த ஐந்து வாரமாகக் கீழ்த் தொட்டிக்கு நான் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதைப் போல ஒரு கஷ்டமான வேலையை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை. கண்ணாடி பழுப்பேறியது, சில்லுகளின் இடுக்கில் பஞ்சு பஞ்சாக என்னவோ சேர்ந்தது, என் கை அரித்தது. அப்பா துடைக்கும் துணியைத் தன் கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒரு சில்லின் விளிம்பில் வெள்ளையாக ஒரு புள்ளி. அப்பாவைக் கூப்பிட்டேன், தூசி என்றார். தூசி தண்ணீர் ஓடுகிற பக்கம்தானே போகும், இது எதிர்ப்பக்கம் தாவியது. அப்புறம் இன்னொன்று. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன் கண்ணு. அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அழுதது அந்தப் புள்ளிக்காக மட்டுமில்லை. நீ புகுந்த வீட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு திரும்பி வந்த வருஷம், இதே தொட்டி முன்னால்தான் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். சாப்பிடக் கூப்பிட்டால் பட்டு சாப்பிடட்டும் என்பாய். நான் அப்போது என்ன செய்தேன்? வந்த வாரமே உன் கல்யாண ஆல்பத்தைக் கட்டிப் பரணில் போட்டேன், மெத்தை உறையை மாற்றினேன், அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன், அவனைப் பற்றி இனிமேல் இந்த வீட்டில் பேச்சே கூடாது, முடிந்தது முடிந்தது, எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு வேலையைப் பார் என்றேன். உன் துணிகளோடு அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று வந்திருந்தது. அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் நீ அலமாரியிலும் கட்டிலுக்கு அடியிலும் என்னவோ தேடினாய். என்ன தேடுகிறாய் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். நீயும் சொல்லவில்லை. அவன் வேண்டாம் என்று வந்தவளுக்கு அவன் சட்டை எதற்கு என்று அப்போது நினைத்தேன். அதையெல்லாம் கால்வாசி கால்வாசியாக நீயே எடுத்துப் போட்டிருப்பாய், உனக்கு நாள் வேண்டியிருந்தது, நான் ஒரே காலையில் எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டேன். தப்பு செய்துவிட்டேன் கண்ணு. சட்டையை இனிமேல் திருப்பித் தர முடியாது. என்னை மன்னித்துக்கொள்.

அப்பா எல்லாவற்றையும் எழுதாதே, மற்ற சேதியையும் எழுது, பிள்ளை பயந்துவிடும் என்கிறார். எழுதுகிறேன். மாடியில் குடியிருக்கிற வாத்தியார் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறார், இதுவரை ஒரே ஒரு ஸ்வரம்தான், அதுவும் தப்பு. உன் சித்தி மகளுக்கு இரட்டைக் குழந்தை, இரண்டும் சித்தப்பா மூக்கு, பாவம். எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது என்கிறார்கள், அடுத்த மாதம் ஆபரேஷன், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயேதான், கருவித் தட்டை நான் பார்த்த பிறகுதான் படுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இன்னும் லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்குகிறார், முழங்காலுக்கு மட்டும் மாடிப்படி ஆகவில்லையாம். நீ எக்ஸ்ரே எடுக்கும்போது அந்த ஈயக் கோட்டைச் சோம்பல் படாமல் மாட்டிக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. போனில் உன் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைப் பார்க்கிறேன், கேட்டால் வெளிச்சம் அப்படி என்கிறாய்.

நேற்று கடைக்குப் போயிருந்தேன். பட்டு பெரிய பாறைக்கு அடியில் இருந்தாள். கொத்துகிறாள், அங்கே கொத்துவதற்கு இருக்கிறது. வயிற்றுப் பள்ளம் கொஞ்சம் மேடு தட்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, கடைக்காரம்மா இன்னும் ஒரு மாசம் போகட்டும் அக்கா, இப்ப எதையும் சொல்ல முடியாது என்றார். நம் தொட்டியிலும் புள்ளிகள் பெருகுகின்றன, ஆனால் அவளுக்கு ஒரு வேளைக்குக்கூடப் போதாது. அவசரப்பட்டுக் கொண்டுவர மாட்டேன். இனி அவளைப் பற்றி நடப்பதை நடந்தபடி சொல்வேன். தேறினால் தேறினாள் என்பேன், செத்துப்போனால் அன்றைக்கே போன் செய்து செத்துவிட்டாள் என்பேன், ஒளிந்திருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன். நீ அழுவாய், அழு, அழாதே என்று சொல்ல மாட்டேன்.

எனக்கும் நீ அப்படியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைவாரி, பொட்டு வைத்து, பின்னால் அறையை ஒழுங்குபடுத்திவிட்டு உட்காருகிறாய், நல்லா இருக்கேன்மா என்கிறாய். அந்தச் சுத்தத்தை உனக்குப் பழக்கியது நான். எனக்குத் துளி அழுக்கு ஆகாது என்று தெரிந்து, துடைத்துவிட்டு வந்து முகம் காட்டுகிறாய். வேண்டாம் கண்ணு. தலை கலைந்திருந்தால் கலைந்தபடி வா. அவன் ஞாபகம் வந்தால் வந்தது என்று சொல். நான் அறிவுரை சொல்ல மாட்டேன், சொல்ல வாயெடுத்தால் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

எங்கே இருந்தாலும் நோய் நொடியில்லாமல், மனசு நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். இதற்கு மறக்காமல் கடிதமாகவே பதில் போடு. என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. அடித்துத் திருத்தி நல்ல படி எடுத்து அனுப்ப வேண்டாம், கலங்கலாக இருந்தாலும் அப்படியே அனுப்பு.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா